கடைசி நாட்களும் புறஜாதியாரும்

1871-ம் ஆண்டு எருசலேமில் சார்ல் கிளெர்மோன்-கானோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு சுண்ணாம்புக் கல்லைக் கண்டுபிடித்தார். அதில் கிரேக்க மொழியில் ஏழு வரிகள் வெட்டப்பட்டிருந்தன. விஷயம் சுருக்கமானது. கோயிலைச் சுற்றியுள்ள தடுப்புக்கு உள்ளே வேற்று இனத்தான் எவனும் வரக்கூடாது, பிடிபட்டால் அவன் சாவுக்கு அவனே பொறுப்பு. அந்தக் கல் இப்போது இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடைந்துபோன இன்னொரு பிரதி 1935-ல் கிடைத்தது.

யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் முதல் நூற்றாண்டிலேயே இந்தக் கற்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமார் மூன்று முழ உயரத்தில் ஒரு தடுப்புச் சுவர், அதில் இடைவெளி விட்டு கிரேக்கத்திலும் லத்தீனிலும் எச்சரிக்கைப் பலகைகள். மீறியவன் ரோமக் குடிமகனாக இருந்தாலும் கொல்ல ரோமர்களே அனுமதித்திருந்தார்கள் என்கிறார் அவர்.

இந்தக் கல்லை மட்டும் பார்த்தால் 'யூதர்கள் மற்றவர்களை அண்டவிடாதவர்கள்' என்று தோன்றும். பாதிதான் உண்மை. தடுப்புக்கு வெளியே பெரிய பிராகாரம் ஒன்று இருந்தது. அங்கே யார் வேண்டுமானாலும் வரலாம். காணிக்கை போடலாம், பலிக்குப் பணம் கொடுக்கலாம். உள்ளே போகத்தான் கூடாது.

தமிழ் பைபிளில் இப்படிப்பட்ட வெளியாட்களுக்கு 'புறஜாதியார்' என்று பெயர். எபிரேயத்தில் 'கோயிம்', கிரேக்கத்தில் 'எத்னே'. இரண்டுக்குமே பொருள் 'இனங்கள், மக்கள் கூட்டங்கள்' என்பதுதான். 'ஜாதி' என்று படித்தவுடன் நமக்கு மனதில் வருகிற படம் வேறு. அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் படிக்க வேண்டும். (முழுக்க ஒதுக்கவும் முடியாது. இந்தக் கதையில் பந்திப் பிரச்சினை ஒன்று வருகிறது.)

கடல் தாண்டிய நகரங்களில் நிலைமை இன்னும் தளர்வாக இருந்தது. அலெக்சாந்திரியா, அந்தியோகியா, எபேசு, ரோம் என்று எல்லாப் பெரிய ஊர்களிலும் யூத ஜெப ஆலயங்கள் இருந்தன. அவற்றுக்கு யூதர் அல்லாதவர்களும் வருவார்கள், கேட்பார்கள், பணம் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்த் தங்கள் குலதெய்வத்தையும் கும்பிடுவார்கள். இவர்களுக்கு 'தேவனுக்குப் பயந்தவர்கள்' என்று பெயர். இன்றைய துருக்கியில் உள்ள அப்ரோடிசியாஸ் என்ற ஊரில் 1976-ல் கிடைத்த கல்வெட்டு ஒன்றில், யூதர்களின் பெயர்களோடு இப்படிப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் தனியாக இருக்கின்றன. அவர்களில் சிலர் நகர சபை உறுப்பினர்கள். நகர சபை உறுப்பினர் என்றால் ஊர்த் தெய்வங்களின் திருவிழாவில் நிற்க வேண்டியவர். அதைப் பற்றி ஜெப ஆலயத்தில் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. (கல்வெட்டின் காலம் சில நூற்றாண்டுகள் பிந்தியது. ஆனால் இந்த வகை ஆட்கள் முதல் நூற்றாண்டிலேயே இருந்தார்கள்.)

அவர் தெய்வம் அவருக்கு, எங்கள் தெய்வம் எங்களுக்கு. அன்றைய உலகத்தில் தெய்வம் என்பது ரத்த சம்பந்தத்தோடு வருவது.

சரி, இதற்கும் உலக முடிவுக்கும் என்ன சம்பந்தம்?

கி.மு. 586-ல் பாபிலோனியர்கள் எருசலேமைத் தரைமட்டமாக்கினார்கள். பாரசீகர் வந்தபின் ஒரு பகுதி மக்கள் திரும்பி வந்து கோயிலைக் கட்டினார்கள். ஆனால் ராஜ்யம் திரும்பவில்லை. பாரசீகர், கிரேக்கர், பிறகு கி.மு. 63-ல் ரோமத் தளபதி பொம்பே. கடவுள் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், வரி வாங்கும் அந்நியன் மறுபக்கம். இரண்டையும் எப்படிப் பொருத்துவது? இந்தக் கேள்விதான் கடைசிக்கால நம்பிக்கையின் வேர்.

கி.மு. 167-ல் கிரேக்க அரசன் நான்காம் அந்தியோகஸ் எருசலேம் கோயிலைத் தீட்டுப்படுத்தி, விருத்தசேதனம் (முஸ்லிம்கள் சுன்னத் என்று சொல்வதைப் போன்ற சடங்கு) உள்ளிட்ட யூத வழக்கங்களைத் தடை செய்தான். தடையை மீறிக் குழந்தைக்குச் சடங்கு செய்த தாய்மார்கள் கொல்லப்பட்டதாக மக்கபேயர் நூல்கள் சொல்கின்றன. சட்டத்தைக் காப்பாற்றினால் நீடித்து வாழ்வாய் என்பது பழைய வாக்கு. இங்கே சட்டத்தைக் காப்பாற்றியவன் செத்தான், விட்டவன் பிழைத்தான். ஐந்தொகை இந்தப் பக்கம் நேராகவில்லை என்றால் கணக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம். தானியேல் புத்தகத்தின் பின்பகுதி இந்த நெருக்கடியில் எழுந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இறந்தவர்கள் எழுந்து நியாயம் பெறுவார்கள் என்ற எண்ணம் எபிரேய வேதத்தில் தெளிவாக வருவது அங்கேதான்.

எல்லா யூதர்களும் இதை ஏற்கவில்லை. குருமார் வட்டத்தைச் சேர்ந்த சதுசேயர்கள் உயிர்த்தெழுதலே இல்லை என்றார்கள். பரிசேயர்கள் உண்டு என்றார்கள். கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த சுருள்களை எழுதியவர்களோ, முடிவு வாசலிலேயே நிற்பதாக நம்பி போர் வியூகம் வரை எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தக் கடைசி நாளில் புறஜாதியார் கதி என்ன? இதற்கு ஒரே பதில் இல்லை. கும்ரானின் போர்ச்சுருள் படி அவர்கள் 'இருளின் பிள்ளைகள்', நாற்பது வருடப் போரில் அழிவார்கள். ஏசாயாவும் மீகாவும் காட்டும் படம் வேறு. எல்லா இனங்களும் எருசலேம் மலையை நோக்கி ஆறு போலத் திரண்டு வரும், ஆயுதங்கள் விவசாயக் கருவிகளாக மாறும். சகரியா புத்தகத்தில் பல மொழி பேசும் பத்துப் பேர் ஒரு யூதனின் அங்கியைப் பிடித்துக்கொண்டு 'நாங்களும் வருகிறோம்' என்கிறார்கள். தோபித்து என்ற நூலில் எல்லா இனத்தாரும் தங்கள் விக்கிரகங்களைத் தூக்கி எறிகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. வருகிறவர்கள் விக்கிரகத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். ஆனால் யூதர்களாக மாறி வருகிறார்கள் என்று அந்தப் பகுதிகள் சொல்வதில்லை. அவர்கள் 'இனங்களாகவே' வருகிறார்கள். எகிப்தியன் எகிப்தியனாகவே, அசீரியன் அசீரியனாகவே. பின்னால் வெடித்த சண்டைக்கெல்லாம் மருந்து இந்தச் சின்ன விஷயத்தில்தான் இருந்தது.

அன்றாட வாழ்க்கையில் ஒரு புறஜாதியான் முழுதாக யூத மதத்துக்கு வர விரும்பினால் என்ன செய்தார்கள் என்பதற்கு ஜொசீபஸ் ஒரு அருமையான கதை சொல்கிறார். இன்றைய வட இராக் பகுதியில் இருந்த அதியாபேனே என்ற சிறிய நாட்டின் அரசன் இசாத்தேஸ். அவனும் அவன் தாய் ஹெலெனாவும் யூத வழிக்கு ஈர்க்கப்பட்டார்கள். இசாத்தேஸுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அனனியா என்ற யூத வியாபாரி. அரசன் விருத்தசேதனம் செய்துகொள்ள முன்வந்தபோது வியாபாரியே தடுத்தார். 'அது இல்லாமலே கடவுளை வணங்கலாம், குடிமக்கள் அந்நியச் சடங்கு என்று கலகம் செய்வார்கள், என் தலையும் போகும்' என்கிற ரீதியில் பேசினார். பிறகு கலிலேயாவிலிருந்து எலெயாசர் என்ற இன்னொரு யூதர் வந்தார். அரசன் வேதம் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, படித்தால் போதுமா, அதில் உள்ளதைச் செய்ய வேண்டாமா என்று கேட்டார். அரசன் உடனே மருத்துவரை வரவழைத்துச் சடங்கை முடித்துக்கொண்டான். ஒரே கேள்வி, இரண்டு யூதர்கள், இரண்டு பதில். இரண்டு பேருமே நல்ல யூதர்கள்தான்.

ஹெலெனா ராணி பிறகு எருசலேமுக்கு வந்தபோது அங்கே கடும் பஞ்சம். கி.பி. 46-47 வாக்கில். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியமும் சைப்ரஸிலிருந்து அத்திப்பழமும் வாங்கி வரவழைத்து ஜனங்களுக்குக் கொடுத்தாள். எருசலேமுக்கு வெளியிலிருந்து வரும் பணம் என்பது வெறும் பணம் அல்ல என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இயேசு ரோமர்களால் சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 வாக்கில். அவரைப் பின்பற்றியவர்கள் எல்லோரும் யூதர்கள். அவர் உயிர்த்தெழுந்தார் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையின் பொருளைத் தானியேல் காலத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் புரியும். உயிர்த்தெழுதல் என்பது தனி ஒருவருக்கு நடக்கிற அற்புதம் அல்ல, கடைசி நாளில் எல்லோருக்கும் நடக்க வேண்டியது. ஒருவர் எழுந்துவிட்டார் என்றால் அறுவடை தொடங்கிவிட்டது. பவுல் இதற்கு 'முதற்பலன்' என்ற சொல்லையே பயன்படுத்துகிறார். முதல் கதிர் அறுத்தாயிற்று, மீதி வயல் நாளையோ மறுநாளோ.

இந்தச் செய்தியோடு அவர்கள் சிரியாவின் தலைநகரான அந்தியோகியாவுக்குப் போனபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. ஜெப ஆலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த 'தேவனுக்குப் பயந்தவர்கள்' கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். சேர்ந்ததோடு நில்லாமல் பழைய தெய்வங்களை விட்டும் விட்டார்கள். முடிவு நெருங்கிவிட்டது என்று நம்புகிற ஒரு யூதனுக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? ஏசாயா சொன்ன ஆறு ஓடத் தொடங்கிவிட்டது!

ஆனால் நடைமுறையில் இவர்களை என்ன செய்வது? கடைசி நாள் முழுதாக வந்திருந்தால் கடவுளே பார்த்துக்கொள்வார். முழுதாக வரவில்லை. வராமலும் இல்லை. இந்த நடுவாந்தர நேரத்தில் ஒரே பந்தியில் உட்கார வேண்டுமே.

கி.பி. 49 வாக்கில் எருசலேமில் இதற்காக ஒரு கூட்டம் நடந்தது. ஒரு பக்கம் யாக்கோபு (இயேசுவின் சகோதரர்), பேதுரு, யோவான். மறுபக்கம் அந்தியோகியாவிலிருந்து பவுலும் பர்னபாவும். பவுல் கையோடு தீத்து என்ற கிரேக்க இளைஞரை அழைத்துப் போயிருந்தார். தீத்துவுக்குச் சடங்கு செய்யப்படவில்லை. ஒரு விதத்தில் அவரே சோதனை வழக்கு. தீத்துவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று பவுல் பிறகு கலாத்தியருக்கு எழுதினார். ஏழைகளை மறக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்களாம். அப்போஸ்தலர் நடபடிகள் என்ற நூல் இதே கூட்டத்தைச் சற்று வேறு மாதிரி சொல்கிறது. அதன்படி புறஜாதியாருக்கு நான்கு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. விக்கிரகத்துக்குப் படைத்தது, ரத்தம், நெரித்துக் கொன்ற மிருகத்தின் மாமிசம், ஒழுக்கக்கேடு. இந்த நான்கையும் விலக்க வேண்டும். பவுல் தன் கடிதங்களில் இந்த நான்கு நிபந்தனைகளைப் பற்றி மூச்சே விடவில்லை. இரண்டு விவரங்களையும் எப்படி ஒத்துப்போகச் செய்வது என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் பிரச்சினை முடியவில்லை. அந்தியோகியாவுக்கு வந்த பேதுரு அங்கே புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்தார்கள். பேதுரு மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். மற்ற யூதர்களும் பின்னாலேயே எழுந்தார்கள். பவுலின் கூட்டாளி பர்னபா கூட. பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார்.

பந்தியிலிருந்து ஒருவர் எழுந்து போவது என்றால் என்ன என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எழுந்தவர் கெட்டவர் அல்ல என்பதும் இங்கே முக்கியம். யூதேயாவில் அப்போது ரோமருக்கு எதிரான கொந்தளிப்பு ஏறிக்கொண்டிருந்தது. புறஜாதியாரோடு ஒட்டி உறவாடுகிறார்கள் என்ற பேச்சு எருசலேம் குழுவுக்கு ஆபத்தானது. பேதுருவுக்கு அந்தக் கவலை இருந்திருக்கலாம். பவுல் பார்த்தது மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர்களை. அவர்கள் பழைய தெய்வங்களை விட்டாயிற்று. இப்போது இவர்களும் எழுந்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

இது சும்மா உணர்ச்சிப் பேச்சு அல்ல. ஒரு ரோமாபுரி நகரத்தில் தெய்வங்களை விட்டவனின் நிலை மிகவும் மோசம். திருவிழா, கைத்தொழில் சங்க விருந்து, வீட்டுப் பூஜை, அரசாங்கச் சடங்கு எல்லாவற்றிலும் தெய்வம் இருந்தது. சந்தையில் விற்ற மாமிசத்தில் ஒரு பங்கு கோயில் பலியிலிருந்து வந்தது. கும்பிட மறுத்தால் தெய்வம் கோபித்து ஊருக்கே பஞ்சமும் பூகம்பமும் வரும் என்று நம்பிய காலம். யூதர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, ஏனென்றால் அது அவர்கள் பாட்டன் பூட்டன் வழக்கம். எபேசில் பிறந்த கிரேக்கன் ஒருவன் அப்படிச் சொல்ல முடியாது. அவன் யூதனும் அல்ல, பழைய கிரேக்கனும் அல்ல. சட்டத்தில் அவனுக்கு இடமே இல்லை. முழு யூதனாக மாறிவிட்டால் ஒருவகைப் பாதுகாப்பு கிடைக்கும். கலாத்தியாவில் சிலர் விருத்தசேதனத்துக்கு ஆசைப்பட்டதில் இந்தக் கணக்கும் இருந்திருக்கலாம். பவுல் அதைக் கேட்டுக் கொதித்து எழுதிய கடிதம் இன்றும் படிக்கச் சுடுகிறது.

பவுலைப் பற்றி நெடுங்காலமாக ஒரு படம் இருந்தது. யூத மதம் சடங்குகளின் சுமை, பவுல் அதிலிருந்து விடுபட்டு ஒரு உலக மதத்தைக் கண்டுபிடித்தார் என்பது அந்தப் படம். 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த கிறிஸ்டர் ஸ்டெண்டால், 1977-ல் இ. பி. சாண்டர்ஸ், பிறகு பாலா ஃபிரெட்ரிக்சன் போன்றவர்கள் இதை மாற்றி எழுதினார்கள். அவர்கள் எல்லா விஷயத்திலும் ஒத்துப்போவதில்லை. ஆனால் பவுல் கடைசிவரை யூதராகவே யோசித்தார் என்பதில் இன்று பலர் ஒன்றுபடுகிறார்கள். புறஜாதியாருக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று அவர் அடம்பிடித்தது யூத நம்பிக்கையை விட்டதால் அல்ல, அதை அப்படியே பிடித்ததால். கடைசி நாளில் இனங்கள் இனங்களாகவே வர வேண்டும். எல்லோரையும் யூதர்களாக மாற்றிவிட்டால் ஏசாயா சொன்ன காட்சியில் வருவதற்கு இனங்களே மிச்சம் இருக்காது.

அவசரம் அவர் எழுத்தில் எங்கும் தெரிகிறது. கி.பி. 50 வாக்கில் தெசலோனிக்கேயருக்கு எழுதிய கடிதம்தான் இன்று நம் கையில் இருக்கும் கிறிஸ்தவ எழுத்துகளிலேயே மிகப் பழையது என்று பலர் சொல்கிறார்கள். அந்த ஊரில் பிரச்சினை என்னவென்றால் சிலர் இறந்துவிட்டார்கள். கர்த்தர் வருவதற்குள் சாவு வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. இறந்தவர்கள்தான் முதலில் எழுவார்கள், உயிரோடு இருக்கும் நாம் பிறகு சேர்ந்துகொள்வோம் என்று பவுல் ஆறுதல் சொல்கிறார். 'உயிரோடு இருக்கும் நாம்' என்பதில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். கொரிந்துக்காரர்கள் கல்யாணம் செய்யலாமா என்று கேட்டதற்கு, காலம் குறுகிவிட்டது, இருக்கிறபடியே இருங்கள் என்பது பதில். ஒரு பத்து வருடத் திட்டம் போடுகிற ஆள் எழுதுகிற பதில் அல்ல அது.

இப்போது பணத்துக்கு வருவோம். பவுலின் கடிதங்களைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற பகுதி இது. மக்கெதோனியா, அகாயா, கலாத்தியா என்று தான் தொடங்கிய சபைகளிலெல்லாம் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டினார். முறையும் சொல்லிக் கொடுத்தார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கு ஏற்றபடி ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும், தான் வந்தபிறகு அவசரமாகத் திரட்டக் கூடாது. (இன்றைய தொடர் வைப்புத் திட்டம் மாதிரி.) கொரிந்துக்காரர்கள் இழுத்தடித்தபோது ஏழை மக்கெதோனியர்கள் கொடுத்ததைச் சொல்லிக் குத்திக் காட்டினார். பணத்தைத் தான் மட்டும் தூக்கிப் போகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்கள் கூடவே வந்தார்கள், இவ்வளவு பெரிய தொகையில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. பவுல் ஒரு தணிக்கை ஏற்பாட்டையே செய்திருக்கிறார் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அன்றைக்கு இப்படிப் பணம் கொண்டுபோவது எளிதல்ல. உலகெங்கும் இருந்த யூத ஆண்கள் வருடத்துக்கு அரை சேக்கல் கோயிலுக்கு அனுப்புவார்கள். கி.மு. 62-ல் ஆசியா மாகாண ஆளுநர் ஃபிளாக்கஸ் அந்தத் தங்கத்தைப் பறிமுதல் செய்தான். அப்பமேயா என்ற ஒரு ஊரில் மட்டும் நூறு ராத்தலுக்குச் சற்றுக் குறைந்த தங்கம். கி.மு. 59-ல் அவன் மீது ரோமில் வழக்கு நடந்தபோது அவனுக்காக வாதாடியவர் வேறு யாரும் அல்ல, சிசெரோ.

பவுல் இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்? ஏழைகளுக்கு உதவி என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு என்று பலர் கருதுகிறார்கள். கடைசி நாளில் இனங்களின் செல்வம் எருசலேமுக்கு வந்து சேரும் என்று ஏசாயா புத்தகத்தில் இருக்கிறது. பெரேயா, தெசலோனிக்கே, தெர்பை, ஆசியா என்று ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஆட்கள் கையில் பணத்தோடு வந்து நின்றால் அது நன்கொடைப் பட்டுவாடாவாகவா தெரியும்? தீர்க்கதரிசியின் பக்கம் கண்முன் விரிவது போல இருக்கும்.

அது அப்படி விரியவில்லை. ரோமருக்கு எழுதிய கடிதத்திலேயே, இந்தப் பணத்தை எருசலேம் ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். பயம் அப்போதே இருந்தது. கி.பி. 57 வாக்கில் எருசலேம் போய்ச் சேர்ந்தார். சில நாட்களில் கோயிலில் கலவரம். எபேசைச் சேர்ந்த துரோப்பீமு என்ற புறஜாதியானை அவர் தடுப்புக்கு உள்ளே அழைத்துப்போய்விட்டார் என்று குற்றச்சாட்டு. அதே தடுப்பு, அதே கல். நடபடிகள் நூல் இது பொய்க் குற்றச்சாட்டு என்கிறது. நம்பலாம். ஏனென்றால் துரோப்பீமு அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்று பவுல் எந்தக் கடிதத்திலும் கேட்டதில்லை. ரோமச் சிப்பாய்கள் பவுலைக் கூட்டத்திலிருந்து பிடுங்கிச் சிறையில் வைத்தார்கள். அதன்பிறகு அவர் சுதந்திர மனிதராக எருசலேமில் நடக்கவில்லை.

பணம் என்ன ஆயிற்று? நடபடிகள் நூலில் வாங்கிக்கொண்டார்கள் என்றும் இல்லை, திருப்பினார்கள் என்றும் இல்லை. விசாரணையில் பவுல் சொல்லும் ஒரே ஒரு வாக்கியத்தில் அது எட்டிப்பார்க்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த பதின்மூன்று வருடங்களில் எல்லாம் தலைகீழானது. 62-ல் யாக்கோபைப் பிரதான ஆசாரியன் கல்லெறிந்து கொல்ல வைத்தான். சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதர்களே அதை எதிர்த்தார்கள் என்கிறார் ஜொசீபஸ். 66-ல் ரோமருக்கு எதிரான போர் வெடித்தது. 70-ல் கோயில் எரிந்தது. தடுப்புச் சுவரும் கல்லும் இடிபாட்டில் புதைந்தன. இனங்கள் வந்து சேர வேண்டிய மலையில் ரோம ராணுவம் வந்து சேர்ந்தது.

பேரரசன் வெஸ்பாசியன் ஒரு காரியம் செய்தான். யூதர்கள் கோயிலுக்குக் கொடுத்த அந்த அரை சேக்கலை இனிமேல் ரோமின் ஜூபிடர் கோயிலுக்கு வரியாகக் கட்ட வேண்டும் என்றான். இதனால் 'யார் யூதன்?' என்ற கேள்வி வரித்துறைக் கேள்வியாக மாறியது. தொமித்தியன் காலத்தில் தொண்ணூறு வயதுக் கிழவர் ஒருவரை, நிறைந்த சபையில் உடையை அவிழ்த்து விருத்தசேதனம் ஆகியிருக்கிறதா என்று அதிகாரி சோதித்ததைச் சிறுவயதில் பார்த்ததாக சுவெத்தோனியஸ் எழுதியிருக்கிறார். 96-ல் ஆட்சிக்கு வந்த நெர்வா, இந்த வரி சம்பந்தமான பொய்ப் புகார்களை ஒழித்ததாக நாணயமே வெளியிட்டான். நாணயத்தில் போட்டுப் பெருமைப்படும் அளவுக்குத் தொல்லை இருந்திருக்கிறது. யூதர் அல்லாத கிறிஸ்தவனுக்கு 'நான் யூதன் அல்ல' என்று சொல்வதில் இப்போது காசு லாபமும் இருந்தது.

இந்தக் காலத்தில் புதிதாக வந்து சேர்ந்த புறஜாதியாருக்கு உண்மையில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? இதற்கு அதிர்ஷ்டவசமாக ஒரு சின்னப் புத்தகம் கிடைத்திருக்கிறது. பெயர் 'திதகே', அதாவது 'போதனை'. கான்ஸ்டான்டிநோபிளில் பிலொதேயோஸ் பிரியென்னியோஸ் என்ற கிரேக்கப் பாதிரியார் 1873-ல் ஒரு பழைய ஏட்டில் இதைக் கண்டெடுத்து, 1883-ல் வெளியிட்டார். ஏடு 1056-ம் ஆண்டில் எழுதப்பட்டது. உள்ளிருக்கும் நூல் முதல் நூற்றாண்டின் முடிவு அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பது பரவலான கருத்து. பன்னிரு அப்போஸ்தலர் வழியாக இனங்களுக்குக் கொடுக்கப்பட்ட போதனை என்று அது தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. இனங்களுக்கு என்றால் நம் புறஜாதியாருக்குத்தான்.

தொடக்கத்திலேயே இரண்டு வழிகள், ஒன்று வாழ்வு, ஒன்று சாவு. கொலை வேண்டாம், குழந்தையைக் கலைக்க வேண்டாம், பிறந்ததைக் கொல்ல வேண்டாம், சகுனம் பார்க்க வேண்டாம், மந்திரம் வேண்டாம். ஒரு யூதக் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு வருவதை ஒரு கிரேக்கனுக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தர வேண்டியிருந்தது. 'இரண்டு வழி' பாடம் யூதர்களுடையது என்பதற்குக் கும்ரான் சுருளிலும் நெருங்கிய சான்று இருக்கிறது. இதையெல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகுதான் ஞானஸ்நானம்.

ஆறாம் அதிகாரத்தில் ஒரு இடம் மனதைத் தொடுகிறது. கர்த்தரின் நுகம் முழுவதையும் சுமக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் முடிந்த அளவு சுமக்கலாம். உணவு விஷயத்திலும் அப்படியே, தாங்குகிற மட்டும். ஆனால் விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடவே கூடாது. அந்தியோகியாவில் குரல் உயர்ந்த அதே விவகாரம்தான். யாரோ ஒரு நிதானமான வாத்தியார், பரீட்சைக்கு முந்தின நாள் பையன்களைத் தட்டிக்கொடுப்பது போல எழுதியிருக்கிறார்.

அப்பம் பிட்கும்போது சொல்ல வேண்டிய ஜெபமும் அதில் இருக்கிறது. மலைகளில் சிதறிக் கிடந்த தானியம் ஒரே அப்பமாக ஆனது போல, உன் சபை பூமியின் எல்லைகளிலிருந்து ஒன்று சேரட்டும் என்ற கருத்து. சிதறிய இஸ்ரவேலைக் கடவுள் கூட்டிச் சேர்ப்பார் என்ற யூதக் கடைசிக்கால ஜெபத்தின் எதிரொலி அது. அதைச் சொல்லும் வாய்கள் மட்டும் மாறிவிட்டன. புத்தகத்தின் கடைசி அதிகாரம் முழுக்க உலக முடிவு. விழித்திருங்கள், கள்ளத் தீர்க்கதரிசிகள் வருவார்கள், வானம் திறக்கும், எக்காளம் ஒலிக்கும்.

ஆனால் அதே புத்தகம் விரத நாளை மாற்றச் சொல்கிறது. 'மாய்மாலக்காரர்கள்' திங்கள், வியாழன் விரதம் இருக்கிறார்கள், நீங்கள் புதன், வெள்ளி இருங்கள். மாய்மாலக்காரர்கள் என்று குறிப்பிடுவது அக்கம்பக்கத்து யூதர்களைத்தான் என்பது பலரின் கருத்து. பாடமும் ஜெபமும் அவர்களிடமிருந்து வாங்கியது, காலண்டரில் மட்டும் வேலி.

முடிவு வரவே இல்லை. எங்கே அவர் வருகை என்று கேலி செய்பவர்களுக்குப் பேதுருவின் இரண்டாம் கடிதம் பதில் சொல்ல வேண்டி வந்தது. கடவுளுக்கு ஒரு நாள் ஆயிரம் வருடம் மாதிரி என்று. மார்சியோன் என்ற பணக்காரக் கப்பல் வியாபாரி ரோமில் வேறு தீர்வு சொன்னார். யூதர்களின் கடவுள் வேறு, இயேசுவின் கடவுள் வேறு, பழைய வேதத்தையே தூக்கிப் போடலாம். 144-ல் ரோமச் சபை அவரை வெளியேற்றியது. அவர் கொடுத்திருந்த இரண்டு லட்சம் செஸ்டர்ஸ் நன்கொடையையும் திருப்பிக் கொடுத்துவிட்டது என்கிறார் தெர்த்துல்லியன். எருசலேம் பவுலின் பணத்தை என்ன செய்தது என்று தெரியாத நமக்கு, இந்தக் கணக்காவது முடிந்திருக்கிறது.

132-ல் பர் கொக்பாவின் தலைமையில் இரண்டாவது பெரிய எழுச்சி. 135-ல் ஹேட்ரியன் அதை நசுக்கினான். எருசலேம் 'ஏலியா கப்பித்தோலினா' என்ற ரோமக் குடியேற்றமானது. இப்போது தடை தலைகீழ். யூதர்கள் தங்கள் சொந்த நகரத்துக்குள் நுழையக் கூடாது, புறஜாதியார் தாராளமாக இருக்கலாம்.

அதற்குச் சில பத்து வருடங்களுக்குள் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவர் ஒரு யூதரோடு நடத்திய உரையாடலாக ஒரு நூல் எழுதினார். எருசலேம் திரும்பக் கட்டப்பட்டு ஆயிரம் வருட ஆட்சி வரும் என்று அவர் இன்னும் நம்பினார். ஆனால் அதில் வாழப்போகும் உண்மையான இஸ்ரவேல் யார் என்றால், நாங்கள்தான் என்கிறார். ஓரிடத்தில் யூதர் கேட்கிறார். இயேசுவையும் நம்பி, விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் விடாமல் ஒரு யூதர் இருந்தால் அவருக்கு மீட்பு உண்டா? ஜஸ்டின் யோசித்து, மற்றவர்களைக் கட்டாயப்படுத்தாதவரை உண்டு என்று நினைக்கிறேன் என்கிறார். ஆனால் அப்படிப்பட்டவரோடு பேச்சுவார்த்தை கூட வைக்காத கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள் என்று கூடவே ஒத்துக்கொள்கிறார்.

நூறு வருடங்களுக்கு முன்னால் எருசலேமில் கேள்வி தீத்துவைப் பற்றியதாக இருந்தது. யூதனாகாமல் ஒரு கிரேக்கன் உள்ளே வரலாமா என்று. இப்போது யாக்கோபும் பேதுருவும் உயிரோடு வந்து நின்றால் அவர்களை உள்ளே விடலாமா என்பது கேள்வி.

சாதாரண ஜனங்கள் இந்தப் பிரிவினையை அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். 386-ல், அதாவது பேதுரு பந்தியிலிருந்து எழுந்துபோய் முன்னூறு வருடங்களுக்கு மேல் ஆனபின், அதே அந்தியோகியாவில் யோவான் கிறிசொஸ்தோம் என்ற பாதிரியார் தொடர் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். யூதர்களைப் பற்றி அவர் பேசியது கொடூரமான பேச்சு. பிற்கால யூத வெறுப்புக்கு அது எண்ணெயாகவும் ஆனது. ஆனால் அவர் கோபத்துக்குக் காரணம் அவர் சபை ஜனங்கள். எக்காளப் பண்டிகை வந்தால் ஜெப ஆலயத்துக்குப் போகிறார்கள், யூதர்களோடு சேர்ந்து விரதம் இருக்கிறார்கள், கூடாரப் பண்டிகை பார்க்கப் போகிறார்கள். கிறிஸ்தவன் ஒருவன் ஒரு பெண்ணை வியாபார விவகாரத்தில் சத்தியம் வாங்க ஜெப ஆலயத்துக்கு இழுத்துக்கொண்டு போனதைத் தானே பார்த்ததாகச் சொல்கிறார். ஏனப்பா, இங்கேயே சத்தியம் வாங்கக் கூடாதா என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில், அங்கே செய்கிற சத்தியத்துக்குத்தான் பயம் அதிகம் என்று பலபேர் சொல்கிறார்கள் என்பது.